பேட்டரி கட்டைக்கு ஈயம் வைத்த காலம்

ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அண்ணன் வாசித்த பழைய கீபோர்டோடு போன மாதம் அவரிடம் போனேன். உள்ளே நினைவகத்துக்கான பட்டன் செல் தீர்ந்திருந்தது. புதிய செல்லின் மேலேயே ஈயம் வைக்கலாம் என்று நான் சால்டரிங் அயர்னை எடுத்ததும், சட்டென்று கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, இது அந்தக் காலத்துக் கட்டை இல்ல. வெடிச்சா கண்ணு போயிரும்."

"நீங்களே அந்தக் காலத்துல வச்சிருக்கீங்களே ஐயா?" என்றேன். சிரித்தார். அவர் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

திருச்சி வானொலி 1939-ல் தொடங்கியது. அப்போது கரண்ட் இல்லாத ஊர்களில் வால்வு ரேடியோ பாட வேண்டுமென்றால் 90 வோல்ட் பேட்டரி வேண்டும். அதாவது 1.5 வோல்ட் செல்கள் அறுபது, வரிசையாக. பின்னால் டிரான்சிஸ்டர் வந்தபோது நாலு கட்டையே போதும் என்றானது. லெக்லான்ஷே 1866-ல் கண்ட மின்கலத்தின் வாரிசுதான் இந்தக் கட்டை. நடுவில் கரித்தண்டு, வெளியே துத்தநாகக் குப்பி. துத்தநாகத்தில் ஈயம் நன்றாகப் பிடிக்கும். சூடு மிஞ்சினால் மேலே அடைத்த தார் உருகும், கட்டை வீணாகும். பெரும்பாலும் அவ்வளவுதான்.

அடுத்து வந்த நிக்கல்-காட்மியம் செல்லில் இருப்பது காரம். சூட்டில் அதன் அடைப்பு கெட்டால் காரம் கசிந்து போர்டையே அரித்துவிடும்.

பட்டன் செல்லில் இருப்பதோ லித்தியம் உலோகம். அது 180.5 டிகிரி செல்சியஸில் உருகும். வெள்ளீயமும் காரீயமும் 63:37 கலந்த சால்டரிங் ஈயம் உருகுவது 183-ல். அயர்ன் முனையோ 300-ஐத் தாண்டியிருக்கும். ஆக, ஈயம் பிடிக்கும் அளவுக்குச் சூடு ஏறினால் உள்ளே லித்தியமும் உருகலாம். செல் ஷார்ட் ஆகி வெடிக்கலாம். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன் செல்லில் லித்தியம் உலோகமாக இல்லை. ஆனால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு 130 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கும், தீப்பிடிக்கவும் செய்யும்.

தொழிற்சாலையில் தகடு ஒட்டுவது ஸ்பாட் வெல்டிங்கில். சூடு கண்ணிமைக்கும் நேரம்தான். ஆகவே தகடு வைத்த செல்லாக வாங்குங்கள், அல்லது போர்டில் ஹோல்டரை மாட்டிவிட்டு, கடைசியில் செல்லைச் சொருகுங்கள்.

நானும் ஹோல்டர்தான் வைத்தேன். அண்ணன் பதிந்த டியூன்கள் பழைய செல் தீர்ந்தபோதே போய்விட்டன. இனி புதிதாக வாசிக்கச் சொல்ல வேண்டும்.