நிலவாகையை அளந்தவர்கள்

ஓர் ஊரின் பெயர் ஒரு செடிக்கு அடைமொழியாகி, அந்த ஊரைக் கண்டிராதவர்களின் நாவில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருவது அரிதான செய்தி. அவ்வாறு நிலைத்த பெயர்தான் 'டின்னவெல்லி சென்னா'. நம் சித்த மருத்துவர்கள் நிலவாகை என்றும் நிலாவிரை என்றும் குறிப்பிடும் பேதி மருந்துச் செடி அது.

இச்செடியின் பூர்விகம் அரேபியாவும் அதனை அடுத்த ஆப்பிரிக்கக் கரையும். சூரத்து நிலவாகை என்ற பெயர், அது கடல்வழி வணிகத்தோடு வந்ததை நினைவூட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருநெல்வேலிச் சீமையில் போர்பன் பருத்தி வளர்த்துப் பெயர்பெற்ற ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் இதனையும் பயிரிட்டு லண்டன் சந்தைக்கு அனுப்பினார். அங்கே அதுவரை கோலோச்சியது, சூடானில் விளைந்து எகிப்தின் துறைமுகம் வழியாக வந்த அலெக்சாந்திரியச் சரக்கு. அதில் ஆர்கெல் என்னும் வேறொரு செடியின் இலை கலந்திருப்பது வழக்கம். நெல்லை இலையோ கலப்பற்றது; நீண்டது, முறியாதது. 1874இல் வெளிவந்த 'பார்மகோகிராபியா' என்ற புகழ்பெற்ற மருந்துச்சரக்கு நூலில் அதற்குத் தனியிடம் கிடைத்தது.

தாமிரபரணி பாயும் நன்செய்ப் பயிரன்று இது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வேரில் நீர் தேங்கினால் செடி அழுகிவிடும். ஆற்றுநீர் எட்டாத செம்மண், கரிசல் புன்செய்களே இதன் வீடு. அவற்றுள் பெரும்பகுதி 1986இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. ஆற்றின் ஊர் பெயரைக் கொடுத்தது. மானாவாரி நிலம் இலையைக் கொடுத்தது. வட்டார உழவர்கள் இதனை அவுரி என்கின்றனர். நீலச்சாயம் தரும் செடிக்கும் அதே பெயர் உண்டு. பெயரை மட்டும் நம்பி மருந்து கொடுக்க இயலாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெயர் போதாது என்றால் அளவு வேண்டும். சித்த மருத்துவத்தில் சூரணத்துக்குத் திரிகடி என்றொரு அளவு உண்டு. மூன்று விரல்களால் எடுக்கும் அளவு அது. நிலவாகைச் சூரணத்தில் சுக்கும் மிளகும் ஓமமும் சேர்வது வயிற்றுக் கடுப்பைத் தணிக்க. விரலின் அளவும் துணைச்சரக்கின் காவலும் சேர்ந்ததே அந்த முறை. ஆனால் இளம் இலையில் வீரியம் மிகுதி, முற்றிய இலையில் குறைவு. வெயிலில் கருகிய இலையின் பயனும் நிழலில் பச்சை மாறாது உலர்ந்த இலையின் பயனும் ஒன்றல்ல. ஆகவே ஒரே திரிகடி ஒருநாள் போதாமலும், இன்னொரு நாள் மிகுதியாகவும் போகலாம். மிகுந்தால் வயிற்றைப் பிசையும்; நீரும் பொட்டாசியம் உப்பும் உடலை விட்டு நீங்கும். முதியோருக்கு அது விளையாட்டன்று.

மேற்கத்திய வேதியியலாருக்கும் இச்சிக்கல் எளிதில் அவிழவில்லை. இலையிலிருந்து அவர்கள் முதலில் பிரித்தெடுத்த ஆந்திரகுவினோன்கள், முழு இலையின் வலிமையை விளக்கப் போதவில்லை. 1941இல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் ஆய்வகத்தில் ஆர்தர் ஸ்டோலும் அவருடைய கூட்டாளிகளும் சென்னோசைடு ஏ, சென்னோசைடு பி என்ற இரண்டைப் பிரித்தெடுத்ததும் வழி பிறந்தது. இவை சர்க்கரையோடு பிணைந்தவை. வயிற்றில் சிதையாமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் உடைக்கப்பட்ட பின்னரே செயல்படும். இரவில் உண்டால் காலையில் வேலை செய்வதன் மருமம் இதுவே.

பொருள் தெரிந்த பின்னும் அளக்கும் முறை பல படிகளைக் கடந்தது. சுண்டெலிகளுக்குக் கொடுத்து எச்சத்தை எண்ணிய காலம் ஒன்று இருந்தது. பிறகு சாற்றை வேதிமுறையில் உடைத்து, மக்னீசியம் அசிட்டேட்டுடன் சேர்த்து, தோன்றும் நிறத்தின் அடர்வை ஒளிமானியில் படித்தனர். இன்று நீர்ம நிறப்பிரிகை ஒவ்வொரு கூறையும் தனித்தனியே காட்டுகிறது. இலைக்குக் குறைந்தது 2.5 சதவீதம், நெல்லைக் காய்க்கு 2.2, அலெக்சாந்திரியக் காய்க்கு 3.4 என ஐரோப்பிய மருந்தியல் நூல் நெடுங்காலம் வரம்பு வகுத்திருந்தது. தாவரவியலார் இரண்டையும் ஒரே இனமாக்கி ஒரே பெயரில் அடக்கிய பின்னும் சந்தைப் பெயர்களுக்கு வெவ்வேறு எண்கள் நீடித்தன.

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சென்னாவுக்கு இடமுண்டு. அங்கே மாத்திரை ஒன்றுக்குச் சென்னோசைடு 7.5 மில்லிகிராம். 2.5 சதவீதம் உள்ள ஒரு கிலோ இலையில் 25 கிராம் சென்னோசைடு இருக்கும். பிரித்தெடுப்பில் நேரும் இழப்பை விட்டுக் கணக்கிட்டால், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகளுக்கான சரக்கு அது.

புன்செயில் இலை உருவுபவர் அறிந்ததோ கிலோ ஒன்றுதான். இலையின் பருவத்தைத் தேர்வதும் நிழலில் பரப்பிக் காப்பதும் அவர் கைகள். சதவீதத்தைப் படிக்கும் கருவி இருப்பது வாங்குபவர் பக்கம். திரிகடியில் அளந்த காலத்தில் அளவு மருத்துவர் விரலில் இருந்தது, நோயாளி அதனைக் கண்ணால் கண்டார். இன்றைய அளவு பன்மடங்கு துல்லியமானது, உயிர்காப்பது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த எண், சிப்பம் கட்டும் களத்திலேயே விளைவித்தவருக்கும் தெரியவேண்டும். ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற இலைக்கு ஊரார் கேட்கக்கூடிய நியாயம் அவ்வளவுதான்.