தென்னை தின்ற இரண்டு அந்துப்பூச்சிகள்

பசுபிக் சமுத்திரத்திலுள்ள பீஜித் தீவுகளிற் பெரியது விற்றி லெவு. 1877ஆம் ஆண்டளவில் அத்தீவின் தென்னைகளை நீலநிறமுடைய சிறியதோர் அந்துப்பூச்சி பற்றிக்கொண்டது. லெவுவானா என்பது அதன் பெயர். அதன் புழுக்கள் தென்னோலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்றன. புழு மலிந்த காலங்களில் தோப்புக்கள் தீயிற் கருகியவைபோல் நின்றன, காய் பிடிக்கவில்லை. தென்னை நின்றும் தேங்காயில்லாத ஊரின் நிலை எத்தகையதென்பதைத் தென்னையை நம்பி வாழ்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. கொப்பரா விளையும் ஏனைய தீவுகளுக்கும் புழு பரவிவிடுமோ என்ற அச்சம் அரசினரைப் பீடித்தது.

இதற்குப் பரிகாரந் தேட முன்வந்தவர் டொதில் என்னும் விஞ்ஞானி. லெவுவானாவின் புழுவை அழிக்கத்தக்க ஒட்டுண்ணிப் பூச்சி எதுவும் பீஜியில் இருக்கவில்லை. ஆனால் மலாயாவில், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்ட்டோனா என்ற அந்துப்பூச்சியும் தென்னோலையையே தின்று வந்தது. அது இடையிடையே பெருகும்; பின்னர் தணிந்துவிடும். காரணம், அதன் புழுவின்மேல் முட்டையிட்டு அதனை உள்ளிருந்தே தின்னும் ஈ முதலிய பகைகள் அங்கே இருந்தமைதான். 1925இல் டொதிலின் உதவியாளரான டெயிலர், கூண்டுகளில் அடைத்த தென்னங்கன்றுகளில் ஆர்ட்டோனாப் புழுக்களை வளர்த்தவாறே அந்த ஈயைக் கப்பலிற் கொணர்ந்தார். சுவாத் துறைமுகத்தை உயிருடன் அடைந்தவை ஏறக்குறைய 300 ஈக்களே. அவற்றைப் பெருக்கித் தோப்புக்களில் விட்டனர். சில ஆண்டுகளுள் லெவுவானாவைக் காண்பதே அரிதாயிற்று. தென்னை மீண்டும் காய்த்தது.

லெவுவானா மேற்கேயுள்ள வேறொரு தீவிலிருந்து வந்தேறியதென்றே டொதில் குழுவினர் கருதினர். அவ்வாறாயின், பீஜியில் அது ஒழிந்தாலும் பிறந்தவிடத்தில் வாழ்ந்திருக்கும். ஆனால் அந்தப் பிறந்தவிடம் எங்குமே அகப்படவில்லை. பீஜியே அதன் ஒரேயொரு வீடாக இருந்திருக்கலாம். பயிரைக் காத்தவர்மீது பழி சுமத்துதல் நியாயமன்று. எனினும் இந்தக் கேள்விக்கு விடை காணுமுன்னரே ஈக்கள் பறந்துவிட்டன.

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில், 1996ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, லெவுவானா அற்றுப்போன இனம். எங்கேனும் ஒதுக்குப்புறத்தில் அது எஞ்சியிருக்கக்கூடும் என 2003இல் ஓர் ஆய்வாளர் வாதித்தார். உயிருள்ள பூச்சியை எவரும் கொணர்ந்து காட்டவில்லை. அதே ஈயோடு நெடுங்காலம் பழகிய ஆர்ட்டோனாவோ, தென்கிழக்காசியத் தோப்புக்களில் இன்றும் ஓலையைத் தின்றுகொண்டிருக்கிறது.