தீப்பெட்டி அரசனின் இரும்புப் பெட்டி



நம்மில் பலர் தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் வளர்ந்தவர்கள். தீக்குச்சியை நம்பி உலை வைத்த வீடுகள் நம் சபையில் அநேகம். அந்தத் தீக்குச்சியை வைத்தே உலகத்தை ஆள நினைத்த ஒரு மனிதனின் சரித்திரத்தை இந்த வாரம் தியானிப்போம். அது நம்முடைய ஊரின் சரித்திரத்தோடும் பின்னிக் கிடக்கிறது.

ஸ்வீடன் தேசத்தில் 1880-ல் பிறந்தவர் ஈவார் குரூகர். அவர் குடும்பத்துக்குச் சில தீப்பெட்டி ஆலைகள் இருந்தன. அவற்றை மற்ற ஆலைகளோடு இணைத்து 1917-ல் ஸ்வீடிஷ் மேட்ச் என்னும் பெருநிறுவனத்தை உருவாக்கினார். முதல் உலகப்போரினால் பல அரசாங்கங்கள் பணமின்றித் தவித்த காலம் அது. குரூகர் அவற்றுக்குக் கடன் கொடுத்தார்; பதிலாகத் தீப்பெட்டித் தொழிலில் தனியுரிமை பெற்றார். 1927-ல் பிரான்சுக்கு ஏழரைக் கோடி டாலர், 1929-ல் ஜெர்மனிக்குப் பன்னிரண்டரைக் கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டார். உலகின் தீப்பெட்டிகளில் பாதிக்கு மேல் அவருடைய கைக்குள் வந்தன. 'தீப்பெட்டி அரசன்' என்றே பத்திரிகைகள் அவரை அழைத்தன.

இத்தனை பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பங்குகளும் கடன் பத்திரங்களும் வாங்கிய சாதாரண ஜனங்களிடமிருந்து வந்தது. பங்கின் முகமதிப்பில் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல் அவர் லாபம் பகிர்ந்தார். தீக்குச்சி விற்றுக் கிடைத்த லாபம் அதற்குப் போதவில்லை. ஆகவே புதியவர்கள் போட்ட பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு லாபம் என்று கொடுத்தார். கணக்கை முழுமையாகப் பார்க்க எவரையும் அவர் விடவில்லை. அவருடைய புகழைக் கண்டு, கேட்கவும் எவரும் துணியவில்லை.

1929-ல் பங்குச் சந்தை சரிந்தபோது புதிய பணம் வருவது நின்றது. 1932 மார்ச் 12 அன்று பாரிஸ் நகரிலிருந்த தம் வீட்டில் குரூகர் துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்து கிடந்தார். தற்கொலை என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். பின்பு கணக்கு ஆய்வாளர்கள் அவருடைய பெட்டகத்தைத் திறந்தார்கள். இத்தாலி அரசாங்கத்தின் பெயரில், 10 கோடி டாலருக்கும் அதிக மதிப்புக் குறித்த பத்திரங்கள் உள்ளே இருந்தன. அவை யாவும் போலி, கையெழுத்துகளும் போலி. அவரை நம்பிச் சேமிப்பைக் கொடுத்த எண்ணற்ற குடும்பங்கள் அழிந்தன. கம்பெனிகள் கணக்கை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று அமெரிக்கா 1933-ல் இயற்றிய சட்டத்துக்கு இந்த வீழ்ச்சியும் ஒரு காரணமாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி உயர்ந்ததால், ஸ்வீடிஷ் மேட்ச் 1923-ல் இந்தியாவிலேயே விம்கோ என்னும் கம்பெனியைத் தொடங்கியது. அம்பர்நாத், பரேலி, சென்னை முதலிய இடங்களில் பெரிய இயந்திர ஆலைகள் எழும்பின. அதே காலத்தில், மழை பொய்த்த சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு உறவினர்கள் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அவர்கள் மூட்டிய சிறு சுடர் சாத்தூர், கோவில்பட்டி வரைக்கும் பரவியது.

குரூகர் மாண்ட பின்பும் விம்கோ நிலைத்திருந்தது. ஆயினும் காலப்போக்கில் சிவகாசியின் கைத்தொழிலுக்கு அது ஈடுகொடுக்க முடியவில்லை. இயந்திர ஆலைகளுக்கு அதிகமாகவும், கைத்தொழிற்கூடங்களுக்குக் குறைவாகவும் அரசு கலால் வரி விதித்தது. முடிவில் 2005-ல் ஸ்வீடன்காரர்கள் அதை ஐ.டி.சி. நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள்.

கோலியாத்தை தாவீது வென்றதுபோல் நாம் வென்றோம் என்று இவ்விடத்தில் பிரசங்கத்தை முடித்துவிடலாம். ஆனால் பிரியமானவர்களே, அது உண்மையில் பாதிதான்.

நம் தீப்பெட்டி மலிவாக இருந்ததற்கு வரிச் சலுகை மட்டும் காரணமல்ல. குச்சி அடுக்கிய விரல்களிலும், பெட்டி ஒட்டிய விரல்களிலும் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகளின் விரல்கள் இருந்தன. விடியுமுன் ஊர் ஊராக வந்து நின்ற ஆபீஸ் வண்டிகளில் அவர்கள் தூக்கக் கண்களோடு ஏறினார்கள். சிவகாசியைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்து, வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்றது. நீதிமன்றம் சொல்லும் வரைக்கும் நம் திருச்சபைகள் எத்தனை தடவை அதைச் சொல்லின? இந்தக் கேள்வி போதகனாகிய என்னையும் குத்துகிறது.

குரூகரின் பெட்டகத்தில் போலிப் பத்திரம் இருந்தது; நம் வெற்றியின் பெட்டகத்தில் பிள்ளைகளின் பால்யம் இருந்தது. இன்றைக்கு அதில் என்ன இருக்கிறது? ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று பட்டாசு ஆலைக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. தீபாவளி நெருங்குகையில் அந்த வரம்பு எத்தனை இடங்களில் மீறப்படுகிறது? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஆபத்து என்று அறிந்தும், ஒருநாள் கூலி போய்விடுமே என்று வாய் மூடிப் போகிறவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்கள் பேச முடியாதபோது பேச வேண்டியவர்கள் யார்?

நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தையும், யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களையும் இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். முன்னது தராசு பிடிக்கிறவனோடும், பின்னது கூலி கொடுக்கிறவனோடும் பேசுகிறது. மனிதர் பூட்டி வைத்ததை ஆண்டவர் திறந்தே பார்க்கிறார். குரூகரின் பெட்டகம் அவர் இறந்த பிறகே திறக்கப்பட்டது. அப்போது மனந்திரும்ப அவருக்கு நேரமில்லை. நமக்கோ இன்னும் நேரம் உண்டு.

ஜெபிப்போம்: அந்தரங்கத்தைக் காண்கிற பிதாவே, எங்கள் கணக்கும், எங்கள் அளவும், நாங்கள் கொடுக்கும் கூலியும் உமக்கு முன்பாக நேர்மையாய் இருக்க உதவி செய்யும். காலையில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் மாலையில் வீடு கொண்டுவந்து சேரும். அவர்களைக் காக்கும் பொறுப்பை எங்கள் கையிலும் நீர் வைத்திருக்கிறீர் என்பதை உணர்த்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.