யூபெடாலின் பட்டியல்: கடவுச்சொல் அறியாக் கோப்புகளின் மீட்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

கடவுச்சொல் தெரியாத கணினியிலிருந்து கோப்புகளை மீட்பது பற்றிய ஆவணவியல் விவாதங்களில் நார்வேயின் ரைடார் யூபெடால் நிகழ்வு ஒரு முன்மாதிரியாகவே நிலைபெற்றுவிட்டது. நீநோர்ஸ்க் மொழிவடிவத்தை உருவாக்கிய ஈவார் ஓசெனைப் பற்றிய ஆய்வில் பேரறிஞராக விளங்கிய யூபெடால் 1989-இல் காலமானார். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் அடங்கிய சேகரிப்புக்கு அவர் கணினியில் ஒரு பட்டியல் அமைத்திருந்தார். அதன் கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. 2002 ஜூன் மாதம் ஈவார் ஓசென் மையம் கோப்பை வெளியிட்டு, திறக்கத் தெரிந்தவர்கள் உதவுமாறு வெளிப்படையாகக் கேட்டது. சில மணி நேரத்தில் சுவீடனைச் சேர்ந்த ஒரு நிரலாளரிடமிருந்து விடை வந்தது. அறிஞர் தம் குடும்பப்பெயரின் எட்டு ரோமன் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி எழுதியிருந்தார். இதிலிருந்து வழக்கமாகப் பெறப்படும் பாடம் இதுதான்: மறைந்தவரின் வாழ்க்கையே கடவுச்சொல்லின் திறவுகோல், ஆகவே ஆவணக் காப்பாளர் அவருடைய பெயர், ஊர், பிள்ளைகள், நூல்தலைப்புகள் ஆகியவற்றைத் தொகுத்து ஊகிக்கக் கற்க வேண்டும். வாழ்க்கைவரலாற்று வாசிப்பு என்று இதை அழைக்கலாம். கேட்பதற்கு இனிமையாகவும் நம் துறையின் பெருமைக்கு ஏற்றதாகவும் இருக்கிறது. ஆனால் சான்று இந்தப் பாடத்தைத் தாங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். இறப்புக்கும் வேண்டுகோளுக்கும் இடையில் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும் யாரோ விசைப்பலகை முன் உட்கார்ந்து முயன்றுகொண்டே இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கொள்ள அவசியமும் இல்லை. யூபெடாலின் வாழ்வையும் எழுத்தையும் மிக நன்றாக அறிந்தவர்கள் நார்வேயில், அதிலும் ஓசென் ஆய்வு வட்டத்தில்தான் இருந்தார்கள். வாழ்க்கைவரலாறுதான் திறவுகோல் என்றால் அது அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனாலும் கோப்பு திறக்கவில்லை. பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியதாயிற்று. திறந்தவர் எல்லைக்கு அப்பால் இருந்த நிரலாளர். நீநோர்ஸ்க் இலக்கணம் தெரிந்திருப்பதால் அவருக்கு ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது கோப்புகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பது. வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு ஆண்டுகளில் கிட்டாதது, கோப்பை அறிந்தவருக்கு மணிக்கணக்கில் கிட்டியது. இதைவிடத் தெளிவான ஒப்பீடு ஒரே நிகழ்வுக்குள் அமைவது அரிது. வாழ்க்கைவரலாற்று வாசிப்பை எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்டும் காணாமல் சென்றுவிட்டார்கள் என்றே கருதுகிறேன்.

அவர்கள் சொல்லக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. விடை அறிஞரின் சொந்தப் பெயராகத்தானே வந்தது, ஆகவே ஊகமே வென்றது அல்லவா என்பார்கள். விடை தெரிந்த பிறகு எல்லா வழியும் நேர்வழியாகத் தோன்றும். திருப்பி எழுதிய பெயர் என்பது கண்டடைந்த பொருளின் வடிவம். கண்டடைந்த வழியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கோப்பின் உட்கட்டமைப்பைப் படித்துக் கடவுச்சொல்லை எடுத்திருந்தாலும் அதே எட்டு எழுத்துகள்தான் வந்திருக்கும். பெயரை வைத்து ஊகித்திருந்தாலும் அவையேதான். இவ்விரண்டில் எது நடந்தது என்பதை விடையை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முயல்வது முறையியல் பிழை. அக்கால மென்பொருள்கள் எப்படி இருந்தன என்ற பின்னணியையும் சேர்த்துப் பார்த்தால் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. 1980-களின் அலுவலக மென்பொருள்களில் கடவுச்சொல் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் இருந்தது. பரவலாகப் பயன்பட்ட வேர்ட்பெர்ஃபெக்ட்டின் கோப்புப் பூட்டு எவ்வளவு மெலிந்தது என்பதைக் கிரிப்டாலஜியா இதழ் 1987-லேயே வெளியிட்டது. அத்தகைய கோப்பில் கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், பொருள் திறந்தேதான் கிடந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை நிறுவியாக வேண்டும். கடவுச்சொல் சில அமைப்புகளில் வாசலில் நிற்கும் காவலாளி. சிலவற்றில் பெட்டியின் சாவி. காவலாளி மட்டும் இருந்தால் சுற்றிப் போகலாம். விண்டோஸில் நுழையும்போது கேட்கப்படும் கடவுச்சொல், குறியாக்கம் இல்லாத வட்டில், காவலாளி மட்டுமே. வன்வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்தாலோ, லினக்ஸ் நிறுவிய பென்டிரைவிலிருந்து தொடங்கினாலோ கோப்புகள் அப்படியே தெரியும். கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. குறியாக்கம் உள்ள வட்டில் நிலைமை வேறு; அங்கே கடவுச்சொல்லிலிருந்தோ அதனால் காக்கப்படும் வேறொன்றிலிருந்தோதான் திறப்பு விசை பிறக்கிறது. சுற்றிப் போனால் கிடைப்பது பொருளற்ற எண்வரிசை. ‘கடவுச்சொல் தெரியவில்லை’ என்ற ஒரே வாக்கியம் இவ்விரண்டு வேறுபட்ட நிலைகளையும் குறிக்கப் பயன்படுவதுதான் நம் துறையின் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

யூபெடாலின் எட்டு எழுத்துகளையே அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் அமையக்கூடிய சொற்கள் ஏறத்தாழ 20,882 கோடி. கடவுச்சொல்லைச் சேமிக்கும் விண்டோஸின் பழைய முறையான எல்எம் ஹேஷில் அதே சொல்லை வைத்தால், அமைப்பு முதலில் எல்லாவற்றையும் பேரெழுத்தாக்கும்; பிறகு ஏழு ஏழு எழுத்தாக இரண்டாக வெட்டும். முதல் ஏழும் ஒரு துண்டு, எஞ்சிய ஒற்றை ‘டி’ மறு துண்டு. தாக்குபவர் இரண்டையும் தனித்தனியே தேடினால் போதும்: முதலாவதற்கு 803 கோடி வாய்ப்புகள், இரண்டாவதற்கு வெறும் இருபத்தாறு. இந்த முறையில் உப்பிடுதலும் (ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ஒரு தற்செயல் மதிப்பைச் சேர்ப்பதும்) கிடையாது என்பதால் விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். 2003-ஆம் ஆண்டு கிரிப்டோ மாநாட்டில் ஃபிலிப் ஓக்ஸ்லின் 1.4 கிகாபைட் அட்டவணையைக் கொண்டு எழுத்தும் எண்ணும் கலந்த இத்தகைய கடவுச்சொற்களில் 99.9 விழுக்காட்டை 13.6 நொடியில் கண்டுபிடித்துக் காட்டினார். அவருக்குச் சொல்லுக்குரியவரின் வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெயர் கூடத் தேவையில்லை. அதே எட்டு எழுத்துகளை விண்டோஸின் வட்டுக் குறியாக்க முறையான பிட்லாக்கரின் கடவுச்சொல்லாக வைத்தால் ஒவ்வொரு ஊகத்தையும் சோதிக்க 10,48,576 ஹேஷ் சுற்றுகள் ஓட வேண்டும். சொல் மாறவில்லை, அதன் வலிமை பல லட்சம் மடங்கு மாறிவிட்டது. வலிமை என்பது சொல்லின் பண்பாக இல்லை, அது செருகப்பட்ட அமைப்பின் பண்பாக இருக்கிறது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ‘உரியவரின் பெயரைத் திருப்பிப் போடு’ என்ற விதி ஊகப்பட்டியலில் இருக்குமானால் அந்தப் பிட்லாக்கரும் நொடியில் திறந்துவிடும். வாழ்க்கைவரலாற்று வாசிப்புக்கு மிஞ்சும் இடம் அவ்வளவுதான், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இடமும் சுருங்கி வருகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நடைமுறைக் கையேடுகளில் வேரூன்றிய இரண்டாவது பிழை இன்னும் அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடியது. கடவுச்சொல்லைக் கண்டுபிடிப்பதும் அதை அழித்துப் புதியது வைப்பதும் ஒன்றே என்ற எண்ணம் அது. பெட்டர் நோர்டால்-ஹாகனின் சிஎச்என்டிபிடபிள்யூ போன்ற கருவிகள் கணக்கின் கடவுச்சொல்லைச் சில நிமிடங்களில் வெறுமையாக்கிவிடும், உள்ளே போய்விடலாம். காவலாளி மட்டும் உள்ள கணினியில் இதனால் கேடில்லை. விண்டோஸின் கோப்புக் குறியாக்க முறையான இஎஃப்எஸ் பயன்பட்டிருந்தால் கதை வேறு. விண்டோஸ் 2000-இல், தனிக் கணினிகளில், உள்ளூர் நிர்வாகிக் கணக்கே இயல்பாக மீட்பு முகவராக இருந்தது. நிர்வாகியின் கடவுச்சொல்லை மாற்றி நுழைந்தால் மற்றவர் குறியாக்கிய கோப்புகளும் திறந்தன. இந்த அனுபவத்திலிருந்துதான் ‘மாற்றினால் போதும்’ என்ற வழக்கம் பிறந்தது என்று எண்ண இடமுண்டு. விண்டோஸ் எக்ஸ்பி இந்த இயல்பை நீக்கியது. பயனரின் தனிவிசையைக் காக்கும் முதன்மை விசை அவருடைய பழைய கடவுச்சொல்லைக் கொண்டு பூட்டப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து புதிய கடவுச்சொல்லைத் திணித்தால் அந்த விசை திறக்காது. நிர்வாகி இன்னொரு பயனரின் கடவுச்சொல்லை மாற்ற முயன்றால் எக்ஸ்பியே இதை எச்சரிக்கிறது. பழைய கடவுச்சொல் பின்னால் கிடைத்து அதைத் திரும்ப வைத்தால் கோப்புகள் மீளும் என்பது உண்மைதான். ஆகவே இதை நிரந்தர அழிவு என்று சொல்வது மிகை. ஆயினும் மூல வட்டின் மீது எழுதிவிட்டு, பிறகு பழைய நிலையை நாடும் நிலை எந்தக் காப்பகத்துக்கும் வரக்கூடாது. வட்டின் முழு நகலை, மூல வட்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவியை வைத்து, முதலில் எடுத்துவிட்டு நகலில்தான் எதையும் செய்ய வேண்டும். இது எவரும் மறுக்காத விதி. கடைப்பிடிக்கப்படாத விதியும் அதுவே.

எதிர்வாதங்களில் சிலவற்றுக்கு நீண்ட பதில் தேவையில்லை. எந்தக் குறியாக்கமும் காலப்போக்கில் உடையும், காத்திருக்கலாம் என்பார்கள். 128 பிட் விசைக்குக் காத்திருப்பது திட்டம் ஆகாது. குவாண்டம் கணினியைப் பற்றிப் பேசுவோருக்கும் அதே பதில்தான். வேண்டுகோள் விடுத்தால் திறமையாளர்கள் உதவ வருவார்கள், நார்வேயில் வந்தார்களே என்ற வாதம் கொஞ்சம் கூடுதல் கவனம் கோருகிறது. ஓசென் மையம் பொதுவெளியில் வைத்தது நூற்பட்டியலை. அதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. ஓர் எழுத்தாளரின் நாட்குறிப்பையோ, ஒரு மருத்துவரின் குறிப்பேட்டையோ, பிறர் எழுதிய கடிதங்களையோ அப்படி வெளியிட்டுவிட முடியாது. ஊர்கூடித் திறப்பதை முறையாக ஆக்குபவர்கள் அந்தக் கோப்பின் உள்ளடக்கம் எத்தகையது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நமக்கு நெருக்கமான ஓர் இடைக்குறிப்பு. தமிழ் எழுத்தாளர்களின் 1990-களின் கணினிகள் மெல்ல மெல்லக் காப்பகங்களுக்கு வரத் தொடங்கும்போது, ஊகப்பட்டியல்களில் ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தமிழ்ப்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் இருக்க வேண்டும்; உலக அளவில் புழங்கும் பட்டியல்கள் இங்கே அதிகம் உதவா. அதைவிடப் பெரிய தடை கதவைத் திறந்த பிறகுதான் காத்திருக்கிறது. பாமினி, டிஸ்கி, தாப், தாம் எனப் பல குறிமுறைகளில் எழுதப்பட்ட கோப்புகள் எழுத்துருவும் மாற்றியும் இல்லாமல் வெறும் கிறுக்கலாகவே நிற்கும். கடவுச்சொல் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணும் காப்பகம் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இனி, சுருங்கி வரும் இடத்துக்கு. யூபெடாலின் சொல் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அதனாலேயே வாழ்க்கையைத் தேடுவது அர்த்தமுள்ளதாகத் தோன்றியது. இன்றைய மடிக்கணினியில் விசை எவர் தலைக்குள்ளும் இல்லை. அது விசைகளைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லுக்குள் இருக்கிறது; அதன் காப்புப்பிரதி 48 இலக்க மீட்பு விசையாக, பெரும்பாலும் பயனரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பு, புதிதாக நிறுவும்போது தகுதியுள்ள கணினிகளில் குறியாக்கத்தை இயல்பாகவே இயக்கிவிடுகிறது. தம் வட்டு குறியாக்கப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. இங்கே ஊகத்துக்குச் செல்லுமிடம் இல்லை. சில்லு தவறான முயற்சிகளை எண்ணித் தடுத்துவிடும். வட்டைக் கழற்றினால் 48 இலக்கம் கேட்கும். அந்த இலக்கங்கள் எவருடைய பிள்ளையின் பெயரிலிருந்தும் பிறந்தவை அல்ல. 2008-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டியதுபோல், மின்சாரம் நின்ற பின்னும் நினைவகத்தில் விசை சிறிது நேரம் தங்கக்கூடும் என்பதால், இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை அவசரப்பட்டு அணைக்காமல் இருப்பது நல்லது. ஆனால் காப்பகத்துக்கு வரும் கணினிகள் இயங்கிக்கொண்டே வருவதில்லை. மறைந்தவரின் கணக்கை அவர் முன்பே குறித்தவர் அணுக ஆப்பிள் 2021 டிசம்பரில் அறிமுகப்படுத்திய மரபுத் தொடர்பாளர் வசதியும் கணக்கிலுள்ள தரவுகளைத் தருமே தவிர, சேமித்த கடவுச்சொற்களைத் தராது. மறைந்தவரின் வாழ்க்கை வரலாற்றை எவ்வளவு நுணுகி அறிந்திருந்தாலும், அந்தக் கணக்கின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாத காப்பாளர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

ஆகவே யூபெடால் நிகழ்வை முன்மாதிரியாகக் காட்டுவதை நிறுத்திவிடலாம். அது ஒரு காலகட்டத்தின், ஒரு வகை மென்பொருளின், மிக அதிர்ஷ்டமான விளைவு. அந்தக் காலகட்டம் 2000-களின் நடுவிலேயே முடிந்துவிட்டது. எல்எம் ஹேஷ் விண்டோஸ் விஸ்டாவில் இயல்பாக நிறுத்தப்பட்டது, பிட்லாக்கரும் அதே பதிப்பில்தான் வந்தது. இனி ஒரு கணினியைக் கொடையாகப் பெறும் நூலகங்களும் காப்பகங்களும் செய்யக்கூடிய பயனுள்ள வேலை ஒன்றே: கொடையாளர் உயிரோடு இருக்கும்போதே, கொடை ஒப்பந்தப் படிவத்தில் மீட்பு விசைக்கும் அது சேமிக்கப்பட்டுள்ள கணக்குக்கும் தனியாக ஒரு பத்தி சேர்த்து, அதை நிரப்பாமல் கணினியைப் பெற்றுக்கொள்வதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். படிவங்களைத் திருத்தும் பொறுப்பில் இருப்பவர்கள் இதை அடுத்த திருத்தத்திலேயே சேர்த்துவிட வேண்டுகிறேன்.