எம்.எல்.ஏ. வேறு பதவியும் வகிக்கலாமா? 'ஆதாயம் தரும் பதவி' குறித்து அரசமைப்புச் சட்டம் சொல்வது என்ன?

தேர்தல் முடிந்து புதிய அரசு அமைந்ததும் நமது மஹல்லாக்களில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. "நம்ம எம்.எல்.ஏ.வுக்கு மந்திரி பதவி கிடைக்கவில்லை. வாரியத் தலைவர் பதவியாவது கொடுப்பார்களா?" என்பதுதான் அது. கிடைத்துவிட்டால் சால்வை, சுவரொட்டி, பாராட்டுக் கூட்டம் எல்லாம் நடக்கும். ஆனால், அந்தப் பதவியை ஏற்பதாலேயே அவர் சட்டமன்ற உறுப்பினர் பதவியை இழக்க நேரிடலாம் என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வேறு எந்தெந்தப் பதவிகளை வகிக்கலாம், எவற்றை வகிக்கக் கூடாது, மீறினால் என்ன நடக்கும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

தடை எதற்காக?

சட்டமன்ற உறுப்பினரின் முதல் கடமை அரசைக் கேள்வி கேட்பது. வரவு செலவுத் திட்டத்தை ஆராய்வதும், அமைச்சரிடம் பதில் கேட்பதும், தேவைப்பட்டால் எதிர்த்து வாக்களிப்பதும் அவரது வேலை. அவரே அரசு தரும் ஊதியத்திலும் காரிலும் பங்களாவிலும் வாழ்பவராக இருந்தால், அந்தக் கேள்வி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். நமது வாக்கு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை அரசு ஒரு பதவியைக் காட்டி வாங்கிவிடக் கூடாது என்பதுதான் இந்தத் தடையின் உயிர்.

இந்தச் சிந்தனை இங்கிலாந்திலிருந்து வந்தது. மன்னர்கள் பதவிகளை வாரி வழங்கி நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தம் பக்கம் இழுத்த காலத்தில், அதைத் தடுக்க 1701-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. நமது அரசமைப்புச் சட்டத்தை இயற்றியவர்களும் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு அவைகளில் இருக்க முடியாது

முதலில் எளிதான தடையைப் பார்ப்போம். ஒருவர் ஒரே சமயத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்க முடியாது என்கிறது பிரிவு 101. இரண்டு மாநிலங்களின் சட்டமன்றங்களிலோ, மேலவை உள்ள மாநிலத்தில் இரு அவைகளிலுமோ ஒருவர் இருக்க முடியாது என்கிறது பிரிவு 190. ஆளுநராக நியமிக்கப்படுபவரும் எந்த அவையிலும் உறுப்பினராக நீடிக்க முடியாது; இது பிரிவு 158.

எம்.எல்.ஏ.வாக இருப்பவர் எம்.பி.யாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டால், அரசிதழில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எம்.எல்.ஏ. பதவியை விட்டு விலக வேண்டும். விலகாவிட்டால் அவரது நாடாளுமன்ற இடம் காலியாகிவிடும். 1950-ஆம் ஆண்டு விதிகள் இதைச் சொல்கின்றன.

தமிழ்நாட்டில் இதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நாங்குநேரி எம்.எல்.ஏ.வாக இருந்த எச். வசந்தகுமார் 2019-இல் கன்னியாகுமரி எம்.பி.யானதும் சட்டமன்றப் பதவியை விட்டு விலகினார். நாங்குநேரியில் இடைத்தேர்தல் நடந்தது. 2021-இல் கே.பி. முனுசாமியும் ஆர். வைத்திலிங்கமும் சட்டமன்றத்துக்குத் தேர்வானதும் மாநிலங்களவைப் பதவியை விட்டு விலகினார்கள்.

மேயர், கவுன்சிலர் போன்ற உள்ளாட்சிப் பதவிகளின் கதை வேறு. அவற்றுக்கான தடை மாநிலச் சட்டங்களிலிருந்து வருகிறது. 2002-இல் தமிழக அரசு அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, எம்.எல்.ஏ.வாகவும் சென்னை மேயராகவும் இருந்த மு.க. ஸ்டாலின் மேயர் பதவியை இழக்க நேர்ந்தது.

'ஆதாயம் தரும் பதவி' என்றால் என்ன?

சிக்கலெல்லாம் பிரிவு 191-இல்தான் இருக்கிறது. மத்திய அரசின் கீழோ, ஏதேனும் ஒரு மாநில அரசின் கீழோ ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படவோ, நீடிக்கவோ தகுதியற்றவர் என்கிறது அது. எம்.பி.க்களுக்கு இதே சொற்களில் பிரிவு 102 இருக்கிறது. அமைச்சர் பதவிக்கு மட்டும் அரசமைப்புச் சட்டமே விலக்கு தந்துவிட்டது.

ஆனால், 'ஆதாயம் தரும் பதவி' என்பதற்கு அரசமைப்புச் சட்டம் விளக்கம் எதுவும் தரவில்லை. அந்த விளக்கத்தை நீதிமன்றங்கள்தான் வழக்கு வழக்காக உருவாக்கியிருக்கின்றன. அவை கேட்கும் கேள்விகள் இவை: அவரை நியமிப்பது அரசா? நீக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறதா? ஊதியம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறதா? அவரது பணி அரசின் கட்டுப்பாட்டில் நடக்கிறதா? இவை அனைத்துக்கும் 'ஆம்' என்று பதில் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டுத்தான் நீதிமன்றம் முடிவு செய்கிறது.

அஜ்மீர் மதரஸா வழக்கு

இந்தக் கேள்விகளுக்கு அடித்தளமிட்ட தீர்ப்புகளில் ஒன்று, ஒரு மதரஸா நிர்வாகியைப் பற்றியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மௌலானா அப்துல் ஷகூர் அஜ்மீர் தர்கா மதரஸாவின் மேலாளராக மாதம் 100 ரூபாய் ஊதியம் பெற்றுவந்தார். அவர் மாநிலங்களவைக்குத் தேர்வானபோது, 'தர்கா கமிட்டி மத்திய அரசின் சட்டப்படி அமைந்தது. கமிட்டி உறுப்பினர்களை மத்திய அரசே நியமிக்கிறது. எனவே அந்த மதரஸாவில் ஊதியம் பெறுபவர் அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர்' என்று எதிர்த்தரப்பு வாதிட்டது.

1957-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. தர்கா கமிட்டி தனி அமைப்பு. மௌலானாவின் ஊதியம் தர்காவின் நிதியிலிருந்து வருகிறது, அரசின் வருவாயிலிருந்து அல்ல. அரசின் கட்டுப்பாட்டில் உள்ள ஓர் அமைப்பில் வேலை செய்வதும், அரசின் கீழ் நேரடியாகப் பதவி வகிப்பதும் ஒன்றல்ல என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. குடியரசுத் தலைவர் தேர்தலில், அரசின் கட்டுப்பாட்டிலுள்ள அமைப்புகளின் பதவிகளும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான பிரிவுகளில் அந்தச் சொற்கள் இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிதியிலிருந்து ஊதியம் பெறும் இமாமும், தனியார் மதரஸாவின் உஸ்தாதும் தேர்தலில் நிற்க இந்தப் பிரிவு குறுக்கே வராது என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம். அரசுப் பள்ளி ஆசிரியரின் நிலை அப்படியல்ல. அவர் பணியிலிருந்து விலகிய பிறகே வேட்பாளராக முடியும்.

வாங்காத பணமும் ஆதாயமே

"நான் சம்பளம் வாங்கவில்லை, கௌரவப் பதவிதான்" என்று சொல்லித் தப்ப முடியுமா? இரண்டு தீர்ப்புகள் இதற்குப் பதில் தருகின்றன.

ஜார்க்கண்ட் பகுதி தன்னாட்சி மன்றத்தின் இடைக்காலத் தலைவராக இருந்த சிபு சோரன் 1998-இல் மாநிலங்களவைக்குத் தேர்வானார். அவர் பெற்றது 'மதிப்பூதியம்' என்று பெயரிடப்பட்டிருந்தது. ஆனால் தினப்படியும், வாடகையில்லா வீடும், காரும் தனியே இருந்தன. செலவுகளுக்கெல்லாம் தனித்தனியே படி தந்த பிறகு மீதி வருவது ஆதாயமே, பெயரை மாற்றினால் தன்மை மாறாது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2001-இல் அவரது தேர்தலைச் செல்லாததாக்கியது.

உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தலைவரான ஜெயா பச்சனுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியமும் வேறு சலுகைகளும் அறிவிக்கப்பட்டிருந்தன. தாம் எதையும் பெறவில்லை என்று அவர் வாதிட்டார். பணத்தைப் பெற்றாரா என்பது கேள்வியல்ல, பெறும் உரிமை அந்தப் பதவியில் இருந்ததா என்பதே கேள்வி என்று 2006 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் எம்.பி. பதவியை இழந்தது உறுதியானது.

பயணப்படி, தினப்படி போன்று கைச்செலவை ஈடுகட்டும் தொகை மட்டும் கிடைத்தால் அது ஆதாயம் ஆகாது.

விலக்கு என்னும் பெரிய வாசல்

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். எந்தப் பதவி தகுதியை இழக்கச் செய்யாது என்று சட்டம் இயற்றி விலக்கு அளிக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கே இருக்கிறது. நாடாளுமன்றம் 1959-இல் இப்படி ஒரு சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டிலும் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முன்தேதியிட்டும் விலக்கு தரலாம். ராஜஸ்தானில் அரசுச் சிறப்பு வழக்கறிஞராக நியமிக்கப்பட்ட காந்தா கதூரியா என்ற எம்.எல்.ஏ.வின் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அம்மாநிலச் சட்டமன்றம் விலக்குச் சட்டம் இயற்றியது. 1969-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

இந்த வாசல் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை 2006 காட்டியது. ஜெயா பச்சனைத் தொடர்ந்து பல கட்சிகளின் எம்.பி.க்கள் மீதும் புகார்கள் வந்தன. தேசிய ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த சோனியா காந்தி அந்தப் பதவியையும் எம்.பி. பதவியையும் விட்டு விலகி, மீண்டும் ரேபரேலியில் போட்டியிட்டு வென்றார். நாடாளுமன்றமோ பல பதவிகளுக்கு முன்தேதியிட்டு விலக்கு தரும் மசோதாவை நிறைவேற்றியது.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் ராமேஸ்வரத்தின் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அவர் கையெழுத்திடாமல் மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். எந்தப் பதவிக்கு விலக்கு, எதற்கு இல்லை என்பதற்கு எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் நியாயமான, தெளிவான அளவுகோல் வேண்டாமா, முன்தேதியிடுவது முறையா என்பவை அவர் எழுப்பிய கேள்விகள். நாடாளுமன்றம் அதே மசோதாவை மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியது. அரசமைப்புச் சட்டப்படி அவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டிய நிலை, ஆகஸ்டில் தந்தார். அவர் எழுப்பிய கேள்வி மட்டும் இன்னும் பதிலின்றி நிற்கிறது.

செயலர் பதவி என்னும் மாற்றுவழி

2003-ஆம் ஆண்டின் 91-ஆவது திருத்தம், முதலமைச்சர் உட்பட அமைச்சர்களின் எண்ணிக்கை சட்டமன்ற உறுப்பினர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டது. தமிழ்நாட்டின் 234 பேரில் அது 35. இடம் கிடைக்காதவர்களைத் திருப்திப்படுத்த, சில மாநிலங்கள் எம்.எல்.ஏ.க்களை 'நாடாளுமன்றச் செயலர்'களாக நியமித்தன. அசாம் இதற்காக இயற்றிய சட்டத்தை, அப்படிச் சட்டமியற்ற மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

டெல்லியில் 2015-இல் 21 எம்.எல்.ஏ.க்கள் இப்படி நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் 20 பேர் 2018 ஜனவரியில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்குத் தங்கள் தரப்பைச் சொல்ல உரிய வாய்ப்பு தரப்படவில்லை என்று இரண்டே மாதங்களில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அந்த இரண்டு மாதங்களும் 20 தொகுதிகளின் மக்கள் தங்களுக்கு எம்.எல்.ஏ. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் இருந்தார்கள்.

வக்ஃப் வாரியத்தில் எம்.எல்.ஏ.

நம்மை நேரடியாகத் தொடும் பதவி இது. வக்ஃப் சட்டம் வாரியத்தில் எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் இடம் தருகிறது. அப்படியானால் அவர்களின் தகுதி என்னாகும்? 1995-ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, வாரியத் தலைவர், உறுப்பினர் பதவிகள் நாடாளுமன்ற உறுப்பினரின் தகுதியைப் பாதிக்காது என்கிறது. எம்.எல்.ஏ.க்களைப் பற்றி 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் பேசுகிறது. அதிலும், அந்தந்த மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி அறிவித்தால் மட்டுமே விலக்கு என்ற நிபந்தனை இருக்கிறது. காரணம் எளிது. பிரிவு 191-இன்படி எம்.எல்.ஏ.வுக்கு விலக்கு தரும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்குத்தான் உண்டு. நாடாளுமன்றம் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே, வாரியத்தில் ஓர் எம்.எல்.ஏ. அமரும்போது, மாநில விலக்குச் சட்டத்தில் அந்தப் பதவி இருக்கிறதா என்று பார்ப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. வக்ஃப் சொத்துகளுக்காகச் சட்டமன்றத்தில் குரல் கொடுக்க வேண்டியவரின் இருக்கையே அதில் அடங்கியிருக்கிறது.

யார் முடிவு செய்வது?

வேட்புமனு பரிசீலனை நாளன்றே ஒருவர் ஆதாயம் தரும் பதவியில் இருந்தால், தேர்தல் அதிகாரி மனுவை நிராகரிக்கலாம். அது தவறிப்போய் அவர் வென்றுவிட்டால், முடிவு வெளியான 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு தொடரலாம். வாக்காளரும் இதைச் செய்யலாம்.

வென்ற பிறகு பதவியை ஏற்றிருந்தால் வழி வேறு. பிரிவு 192-இன்படி முடிவெடுப்பவர் ஆளுநர். ஆனால் அவர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதன்படியே நடக்க வேண்டும். தகுதியிழந்தது தெரிந்தும் அவையில் அமர்ந்து வாக்களிப்பவருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்கிறது பிரிவு 193.

நாம் கேட்க வேண்டியவை

நமது தொகுதி உறுப்பினருக்கு ஒரு வாரியமோ கழகமோ ஆணையமோ அறிவிக்கப்பட்டால், பாராட்டுக் கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

1. அவரை நியமித்தது யார், நீக்கக்கூடியவர் யார்?
2. அரசாணையில் மதிப்பூதியமோ வீடோ காரோ குறிப்பிடப்பட்டிருக்கிறதா? படிகள் கைச்செலவுக்கு மட்டும்தானா?
3. மாநில விலக்குச் சட்டத்தில் அந்தப் பதவி இருக்கிறதா? நியமனத்துக்கு முன்பே இருந்ததா, பின்னர் அவசரமாகச் சேர்க்கப்பட்டதா?
4. பதவி ஏற்ற பிறகு சட்டமன்றத்தில் அந்தத் துறையைப் பற்றி அவர் கேள்வி எழுப்புகிறாரா?

முதல் மூன்றுக்கும் அரசாணையிலும் சட்டத்திலும் பதில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். நான்காவது கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பதில் தராது. சட்டப்படி விலக்கு பெற்ற பதவியில் இருந்துகொண்டே ஒருவர் வாய்மூடி இருக்க முடியும். அதைக் கவனித்து, அடுத்த தேர்தலில் நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் அவருக்கு வாக்களித்த நாம்தான்.