ஃபேசர்: சிற்றலையில் பிறந்த ஓசை

இசைப்பதிவு மென்பொருள் எதைத் திறந்தாலும் ஃபேசர் என்ற பெயரில் ஒரு செருகுநிரல் இருக்கும். கிற்றார் ஒலியையோ மின்பியானோ ஒலியையோ அதனூடாகச் செலுத்தினால், நீருக்குள் அமிழ்ந்து எழுவதுபோல் மெல்லச் சுழன்று வெளிவரும். விலைகொடுத்து வாங்க வேண்டியவையும் இலவசமாகக் கிடைப்பவையுமாக இவை ஏராளம். எது சிறந்தது என்ற ஒப்பீடுகளுக்கும் குறைவில்லை. அந்த ஒப்பீடுகளில் நான் காணாத அளவுகோல் ஒன்றுண்டு: 1990களின் தொடக்கத்தில் அரியாலையில் இரவு ஒன்பதேகால் மணிக்குச் சிற்றலை வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களின் செவி. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இக்கருவியின் மூதாதை ஒன்று, சிற்றலை வானொலியைக் கேட்ட ஒருவரின் மனத்திலேதான் உருவாயிற்று.

அவர் ஃபூமியோ மியேடா என்ற யப்பானியப் பொறியியலாளர். ஷின்-ஏய் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த கருவி 1968இல் யூனிவொக்ஸ் நிறுவனத்தின் வழியாக வட அமெரிக்காவில் யூனி-வைப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1969 ஓகஸ்டில் வூட்ஸ்டொக் மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை வாசித்தார். பிறகு அதற்கு அறிமுகமே வேண்டியிருக்கவில்லை. ஓர்கனோடு இணைக்கப்படும் லெஸ்லி சுழல் ஒலிபெருக்கியைப் போலி செய்யவே யூனி-வைப் பிறந்தது என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். மியேடா கூறிய காரணம் வேறு. மொஸ்கோ வானொலியின் ஒலிபரப்பு யப்பானை வந்தடையும்போது அலைந்தும் நெளிந்தும் ஒலித்ததே தமக்குத் தூண்டுகோலாயிற்று என்றார் அவர்.

அந்த அலைவின் பௌதிகம் எளியது. சிற்றலை பூமியின் வளைவைத் தொடர்ந்து செல்வதில்லை. மேலே சென்று, அயனமண்டலத்தில் மோதித் திரும்புகிறது. ஒரே குரல் ஒருமுறை மோதியும் இருமுறை மோதியும் வெவ்வேறு பாதைகளில் நம்மிடம் வருகிறது. இரு பாதைகளின் நீளம் 300 கிலோமீற்றர் வேறுபட்டால், ஒன்று மற்றதைவிட ஆயிரத்திலொரு செக்கன் பிந்தும். அப்போது சில மீடிறன்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த இடங்களில் ஒலியில் பள்ளம் விழும். அயனமண்டலம் அசைந்துகொண்டே இருப்பதால் பள்ளங்களும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இலங்கைப் பாடநூல்கள் 'அவத்தை' என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'கட்டம்' என்றும் சொல்வதே ஆங்கிலத்தின் ஃபேஸ். ஃபேசரின் பெயர் அதிலிருந்து வந்தது. 'மீடிறன்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டு வாசகர்கள் 'அதிர்வெண்' என்று கொள்க.

இனி அரியாலைக்கு வருவோம். யாழ் நகரின் கிழக்கு விளிம்பில், கண்டி வீதியையும் கடல்நீரேரியையும் ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற்போயிற்று. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடங்கியது. நாளிதழ்த் தாள் வராமையால் உதயன் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சானது. கொழும்பிலும் உலகிலும் என்ன நடக்கிறது, தங்கள் ஊரைப் பற்றி வெளியுலகம் என்ன சொல்கிறது என்பதை அறிய மக்களிடம் இருந்தவை பிபிசி தமிழோசையும் மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியும் போன்ற சில குரல்கள்தாம். வானொலிப் பெட்டி இருந்தது. அதற்கு உயிரூட்டத்தான் வழியில்லை. சைக்கிள் டைனமோவைப் பெட்டியோடு இணைத்தார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். டைனமோ தருவது ஆறு வோல்ற்று ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். இடையில் டயோட்டும் கொள்ளளவியும் பொருத்தத் தெரிந்த பெடியனுக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது.

இங்கேதான் அந்தச் செவி பயின்றது. குரல் தேய்ந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மிதிப்பவரின் கால் சோர்ந்திருந்தால் முழுக் குரலும் ஒருசேரத் தாழும். 'மிதி, மிதி' என்றால் போதும். வானம் குரலைத் தின்றால் அப்படியன்று. முதலில் மேற்சுருதிகள் போகும், பிறகு நடுப்பகுதி குழியும், குரல் குடத்துக்குள் இருந்து வருவதுபோலாகும். சில வேளை ஊர்தி அலையே பள்ளத்தில் விழுந்துவிட, பேச்சு பிளந்து கரகரக்கும். அதற்கு எவராலும் எதுவும் செய்ய முடியாது. மூச்சை அடக்கிக் காத்திருக்கத்தான் முடியும். இசைப்பொறியாளர் முன்னதை ட்ரெமலோ என்பார், பின்னதை ஃபேசிங் என்பார். இந்த வேறுபாட்டைப் பதிவுக்கூடத்துக்குப் போகாமலே அறிந்திருந்தது அந்த வட்டம்.

அதில் எவ்வளவு தங்கியிருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். செய்தியில் ஓர் இடப்பெயர் 'நாவ...' என்று தொடங்கி அமிழ்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அது நாவாந்துறையானால் நகரின் மேற்குப் பக்கம். நாவற்குழியானால், அரியாலையிலிருந்து செம்மணி வெளியைத் தாண்டினால் வரும் பாலத்தடி. ஒரு பள்ளம் கடந்துபோக எடுக்கும் சில செக்கன்களில், பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு புறப்படுவதா, படுத்துறங்குவதா என்பது தொங்கிநிற்கும். 1995 ஒக்ரோபர் 30 அன்று புறப்படச் சொன்னது வானொலியன்று. ஊருக்குள் வந்த ஒலிபெருக்கி. அந்த இரவில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் அரியாலையைக் கடந்து அதே பாலத்தால் தென்மராட்சிக்குப் போனார்கள்.

தமிழோசையின் நேரமும் யாழ்ப்பாணத்துக்கு வாய்ப்பானதாக இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையையும் வட இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. 1963இல் இந்தியா தன் ஆய்வு ஏவுகணைத் தளத்துக்குத் திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பாவைத் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். அக்கோட்டின் மேலுள்ள அயனமண்டலம் சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் பெரிதும் குழம்பும். அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழிருந்து மேலெழும். அவற்றினூடே வரும் குரல் மெல்ல அலைவதோடு நில்லாது, செக்கனுக்குப் பல தடவை படபடக்கவும் செய்யும். மியேடா கேட்டதிலும் கடுமையான ஃபேசரை நம்மவர்கள் கேட்டார்கள் என்று சொல்வதில் தவறில்லை.

வானொலியை நாடாமல் இந்த ஓசையை எட்டியவர்களும் உண்டு. ஒரே பாடலை இரு ஒலிநாடாக்களில் ஓடவிட்டு ஒன்றைச் சற்றே பிந்தச் செய்தால் இதே பள்ளங்கள் விழும். 1959இல் ரோனி ஃபிஷரின் 'தி பிக் ஹேர்ட்', 1967இல் ஸ்மோல் ஃபேசஸ் குழுவின் 'இச்சிகூ பார்க்' ஆகியவை அப்படி வந்தவை. அதை மின்சுற்றாலேயே செய்ய 1971இல் ஈவென்ரைட் நிறுவனம் இன்ஸ்ரன்ற் ஃபேசரை வெளியிட்டது. 1974இல் எம்எக்ஸ்ஆரின் ஒற்றைக் குமிழ்ப் பெட்டியான ஃபேஸ் 90 வந்தது. இன்றைய செருகுநிரல்களில் பெரும்பாலானவை இவற்றின் நகல்களே.

நகல்களை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் எண்ணுவது படிநிலைகளை. நான்கு படிநிலைகள் இரண்டு பள்ளங்களைத் தரும். ஆறு மூன்றைத் தரும். என் எண்ணத்தில் பள்ளங்களின் எண்ணிக்கையைவிட அவை நகரும் விதமே முக்கியம். ஃபேஸ் 90 வகையில் நான்கு படிநிலைகளும் ஒரே அளவான கொள்ளளவிகளால் ஆனவை. ஏற்ற இறக்கம் ஊஞ்சல்போல் ஒழுங்கானது. கிற்றாருக்கு இனிமை. வானொலிக் காதுக்கோ இரண்டாம் சுற்றிலேயே அலுத்துவிடும், அடுத்த தேய்வு எப்போது என்பது முன்பே தெரிந்துவிடுவதால். யூனி-வைப்பில் நான்கு கொள்ளளவிகளும் நான்கு அளவு. நடுவில் ஒரு மின்குமிழ் துடிக்க, சுற்றியுள்ள ஒளியுணர் தடைகள் அதைப் பின்பற்றுகின்றன. குமிழ் சட்டென்று ஒளிரும், தணிய நேரமெடுக்கும். தடைகளும் தாமதித்தே அசையும். அந்தச் சமனின்மையைப் பின்பற்றும் செருகுநிரல் ஒன்றே அதன் பெயருக்குத் தகுதியானது. வெறும் சைன் அலையால் அசைத்துவிட்டு யூனி-வைப் படத்தை முகப்பில் ஒட்டியிருப்பவை காசுக்குக் கேடு.

ஆர்ற்றூரியாவின் ஃபேசர் பை-ட்ரோன், 1970களின் மியூ-ட்ரோன் பை-ஃபேஸ் கருவியின் நகல்: ஆறு படிநிலை கொண்ட இரு ஃபேசர்கள், இரண்டு அசைவிகள். இரண்டையும் தொடராக இணைத்து வேகங்களை ஒன்றுக்கொன்று மடங்காகாதபடி வைத்தால் சுழற்சி எளிதில் திரும்பி வராது. வானத்துக்கு மிக அண்மையில் போவது இதுவே. ஈவென்ரைட் தன் பழைய கருவியைத் தானே செருகுநிரலாக்கியபோது உறுப்புகள் முதுமையடைவதைக் காட்டும் குமிழ் ஒன்றையும் சேர்த்தது, நல்ல யோசனை. பணம் செலவிட விரும்பாதவருக்கு புளூ கற் நிறுவனத்தின் இலவச ஃபேசர் போதும். எல்லாவற்றிலும் ஒரு குறை பொது. வானம் தரும் பள்ளங்கள் சம இடைவெளியில் வரிசையாக விழுகின்றன. ஃபேசரின் பள்ளங்கள் சிலவே, இடைவெளியும் சமமன்று. கறாராகப் பார்த்தால் சிற்றலைக்கு நெருங்கிய உறவு ஃபேசரன்று, ஒலிநாடா வழியில் வந்த ஃபிளாஞ்சரே. ஆனால் ஃபிளாஞ்சர் விமான இரைச்சலாகிவிடுகிறது. மனிதக் குரலைக் குரலாகவே விட்டு அலைக்கழிப்பது ஃபேசர்.

தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. வேரித்தாஸ் 2018இல் சிற்றலையைக் கைவிட்டது. அந்நாள்களைப் பற்றிக் குறும்படமோ நாடகமோ எடுப்பவர்கள், செய்தி வாசிக்கும் குரலுக்கு வெறும் கரகரப்பைச் சேர்த்து வானொலி என்று காட்டுகிறார்கள். அது போதாது. குரலை 300 முதல் 3,500 ஹேர்ட்ஸ் வரைக்குள் அடக்குங்கள். இரு ஃபேசர்களைத் தொடராக வையுங்கள். ஒன்று பத்துச் செக்கனுக்கு ஒருமுறையும் மற்றது ஏழு செக்கனுக்கு ஒருமுறையும் சுழலட்டும். மூல ஒலியும் மாறிய ஒலியும் சரிபாதி கலக்க வேண்டும். இல்லையேல் பள்ளமே விழாது. அதன்பின், இடையிடையே, முழுக் குரலையும் ஒருசேரச் சற்றுத் தாழ்த்துங்கள். அது சைக்கிள் மிதித்தவருக்கு.