தலைத்தோல் தமனி அளவீட்டின் நம்பகத்தன்மை

ஸ்கேன் படத்தில் தலைத்தோல் தமனியின் விட்டம், நீளம், கிளை பிரியும் இடம் ஆகியவற்றை அளக்கும்போது, அதே எண் மறுபடியும் கிடைக்கிறதா என்பதே அந்த அளவீட்டின் நம்பகத்தன்மை. அதே மருத்துவர் சில வாரம் கழித்து அளந்தாலும், இன்னொருவர் அளந்தாலும், வேறு கருவியில் படம் எடுத்தாலும் விடைகள் நெருங்கி வரவேண்டும்.

தலைத்தோலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து தமனிகள் இரத்தம் கொண்டுவருகின்றன. அவற்றில் அதிகம் அளக்கப்படுவது நெற்றிப்பொட்டுத் தமனி. காதுக்குச் சற்று முன்னால் விரல் வைத்தால் துடிப்பது இதுதான். வெளிக் கரோட்டிட் தமனியின் இறுதிக் கிளைகளில் ஒன்றாக உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் தொடங்கி, கன்ன எலும்பு வளைவைக் கடந்து மேலேறி, நெற்றிக் கிளை, உச்சிக் கிளை என இரண்டாகிறது. பெரும்பாலோரிடம் வளைவுக்கு மேலே பிரியும். சிலரிடம் வளைவின் மீதோ அதற்குக் கீழோ பிரியும். ஒரு கிளை மிக மெலிந்தோ அறவே இல்லாமலோ இருப்பதும் உண்டு.

இதன் அடித்தண்டின் விட்டம் சுமார் 2 மி.மீ. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சி.டி. ஆஞ்சியோகிராமில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ அரை மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தமனியின் முழு அகலமும் நான்கே புள்ளிகள். ஓரத்தை ஒரு புள்ளி தள்ளிக் குறித்தாலே 25 சதவீதப் பிழை. ஓரப் புள்ளியில் தமனியும் சுற்றியுள்ள கொழுப்பும் கலந்து சாம்பல் நிறமாகத் தெரிவதால், எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபடுவார்கள். திரையின் ஒளிர்வையும் மாறுபாட்டையும் தீர்மானிக்கும் ‘விண்டோ’ அமைப்பை மாற்றினால் அதே தமனி பருத்தும் மெலிந்தும் காட்சி தரும். குறுக்குவெட்டு சாய்ந்துவிட்டால் வட்டம் நீள்வட்டமாகி விட்டம் கூடிவிடும். முதியோரிடம் இந்தத் தமனி அதிகம் நெளிந்திருப்பதால், நேர்கோட்டில் அளந்த நீளமும் குழாயின் நடுக்கோட்டைப் பின்தொடர்ந்து அளந்த நீளமும் ஒத்துப்போவதில்லை.

ஒவ்வொரு கருவிக்கும் தனிக் குறை உண்டு. சி.டி.யில் கான்ட்ராஸ்ட் மருந்து வந்துசேரும் நேரம் தவறினால் மெல்லிய கிளைகள் மங்கிவிடும். மருந்தில்லாத எம்.ஆர். ஆஞ்சியோகிராமில், இரத்தம் மெதுவாக ஓடும் கிளை படத்தில் விழாமலே போகலாம். வடிகுழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் நுணுக்கமானது. ஆனால் உருப்பெருக்கத்தைச் சரிசெய்யாமல் அதில் மி.மீ. கணக்கைச் சொல்ல முடியாது. அல்ட்ராசவுண்டில், அடியில் மண்டையோடு இருப்பதால், ப்ரோபைச் சற்று அழுத்தினாலே தமனி தட்டையாகிவிடும்.

நம்பகத்தன்மையைக் கணிக்க, திரும்பத் திரும்ப எடுத்த அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஒரே எண்ணாகத் தரும் உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு பயன்படுகிறது. இது 0.9-ஐத் தாண்டினால் மிகச் சிறப்பு என்றும், 0.5-க்குக் கீழே போனால் மோசம் என்றும் கொள்வது வழக்கம். சாதாரண ஒட்டுறவுக் கெழு இங்கே ஏமாற்றிவிடும். ஒருவர் எப்போதும் மற்றவரைவிட 0.3 மி.மீ. கூட்டியே அளந்தாலும் அது முழுமையான 1 என்றே காட்டும். இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, புள்ளியியலாளர்கள் பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் 1986-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வேறொரு வழியை விளக்கினார்கள். இரு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே வரைபடமாக்கினால், ஒரு பக்கச் சாய்வும் வித்தியாசத்தின் எல்லைகளும் மி.மீ.யிலேயே தெரிந்துவிடும்.

தமனியின் இந்த அளவுகளை நம்பித்தான் அறுவை சிகிச்சை முடிவாகிறது. 1967-இல் சூரிச்சில் மூளை அறுவை மருத்துவர் யாசர்கில் நெற்றிப்பொட்டுத் தமனியை நடுமூளைத் தமனியின் கிளையோடு இணைத்தார். மூளைக்குச் செல்லும் தமனிகள் குறுகும் மோயாமோயா நோய்க்கு இன்றும் இந்த இணைப்பு செய்யப்படுகிறது. இதற்குச் சுமார் 1 மி.மீ. விட்டமாவது உள்ள கிளையையே மருத்துவர்கள் விரும்புவார்கள். ஸ்கேனில் அது வெறும் இரண்டு புள்ளி. குழாயின் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், விட்டத்தை 10 சதவீதம் கூட்டி அளந்தால் ஓட்டக் கணக்கு 46 சதவீதம் எகிறிவிடும்.

ராட்சத செல் தமனி அழற்சி நோயைக் கண்டறிய அளக்கவேண்டிய அளவு இன்னும் நுண்ணியது. கவனிக்காமல் விட்டால் பார்வையைப் பறிக்கும் இந்நோயில், தமனிச் சுவர் வீங்கி அல்ட்ராசவுண்டில் கருவளையமாகத் தெரியும் என்று 1997-இல் மருத்துவர் ஷ்மிட்டின் குழுவினர் காட்டினர். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, சுவர்த் தடிமனுக்கு அடித்தண்டில் 0.42, நெற்றிக் கிளையில் 0.34, உச்சிக் கிளையில் 0.29 மி.மீ. என்ற எல்லைகளை முன்வைத்தது. எந்தக் கிளையை அளக்கிறோம் என்பதை மாற்றிக் குறித்தாலே நோய் உண்டு, இல்லை என்ற முடிவு மாறக்கூடும். அதனால்தான் ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் 2018 பரிந்துரைகள், பயிற்சி பெற்றவர் உரிய கருவியிலும் அமைப்பிலும் இப்பரிசோதனையைச் செய்யவேண்டும் என்று வலியுறுத்துகின்றன.